ஒரு பகலில் பதிவான பயம்

2025ஆம் வருஷம் ஜூலை 22ஆம் தேதி ஆஸி ஆஸ்போர்ன் காலமானார் என்ற செய்தி வந்தபோது, அவரைப் பற்றி இரங்கல் எழுதியவர்களில் பலரும், மேடையில் அவர் வௌவாலின் தலையைக் கடித்த சம்பவத்தையும், பிற்காலத்தில் தொலைக்காட்சியில் மனைவி மக்களோடு தோன்றி ஊரைச் சிரிக்க வைத்த விசித்திரத்தையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, அந்த மனிதர் பாடகர் என்ற விஷயத்தைக் கடைசிப் பாராவில் போகிறபோக்கில் சொல்லி முடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் மனஸ்தாபம்தான். ஆகவே அந்த வாரம் முழுவதும் இரங்கல் கட்டுரைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, 20 வயதுப் பையனாக அவர் தம் மூன்று தோழர்களுடன் லண்டனுக்குப் போய் ஒரே நாளில் பாடிக் கொடுத்துவிட்டு வந்த பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். குழுவின் பெயரும் ஆல்பத்தின் பெயரும் அதன் முதல் பாட்டின் பெயரும் ஒன்றேயாக இருக்கிற இந்த இசைத்தட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக எண்ணம்.

ஆல்பம் மழையோடு தொடங்குகிறது. சங்கீதம் எதுவும் இல்லாமல் அரை நிமிஷத்துக்கு மேல் மழை கொட்டுகிறது. எங்கோ தூரத்தில் இடி உறுமுகிறது. ஒரு மாதா கோயில் மணி நிதானமாக அடித்துக்கொண்டிருக்கிறது. இதைப் பெரிய ஸ்பீக்கரில் முதல் தடவை எங்கள் வீட்டில் போட்டபோது, உள்ளே படுத்திருந்த அத்தை, "டேய், மழை வந்துடுத்து போலிருக்கே, மாடியில துணியெல்லாம் கிடக்கு, ஓடு!" என்று குரல் கொடுத்தார். மழை இல்லை அத்தை, பாட்டு என்று நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் கிட்டார் உள்ளே இறங்கிவிட்டது. அதற்கப்புறம் அத்தை சொன்னதை இங்கே எழுதுவது உசிதமில்லை.

அந்தக் கிட்டார் வாசிப்பது மூன்றே ஸ்வரங்கள். இந்த வகைச் சங்கீதத்தில் திரும்பத் திரும்ப வந்து பாட்டுக்கே முதுகெலும்பாக நிற்கும் சிறு ஸ்வரக் கோவையை ரிஃப் என்பார்கள். பிளாக் சபாத்தின் ஆயுட்காலச் சம்பாத்தியம் முழுவதும் ரிஃப்களே என்றுகூடச் சொல்லலாம். நம் கணக்கில் சொன்னால், கீழ் ஷட்ஜத்தைப் பலமாக மீட்டி, உடனே மேல் ஸ்தாயி ஷட்ஜத்துக்குத் தாவி, அங்கிருந்து பிரதி மத்யமத்துக்கு இறங்கி, அந்த ஸ்வரத்தைத் தாங்குவாரின்றி அந்தரத்தில் நடுங்கவிட்டு நிறுத்திவிடுகிறார் டோனி அயோமி. அதே பிரதி மத்யமத்தை வைத்துக்கொண்டுதான் நாம் கல்யாணி பாடி மங்களகரமாக மனம் குளிர்கிறோம் என்பதை நினைத்தால், பயம் என்பது ஸ்வரத்தில் இல்லை, அதை வைக்கிற இடத்தில் இருக்கிறது என்று தெரிகிறது. கல்யாணியில் அந்த மத்யமத்துக்கு ஒரு பக்கம் காந்தாரமும் மறு பக்கம் பஞ்சமமும் துணைக்கு நிற்கின்றன. எங்கே போய் ஓய்வது என்று காதுக்குத் தெரியும். அயோமியோ காந்தாரத்தையும் பஞ்சமத்தையும் காட்டாமலே, மத்யமத்தை மட்டும் தனியே நிறுத்தி வைத்துவிட்டு, மறுபடி ஷட்ஜத்திலிருந்து ஆரம்பிக்கிறார். ஓய்வதற்கு இடம் கிடைக்காத காது, பாட்டு நெடுக அதற்காகவே ஏங்கிக்கொண்டிருக்கிறது.

மேல்நாட்டுச் சங்கீத சாஸ்திரத்தில் இந்த இடைவெளிக்குச் சைத்தானின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்பதும், இடைக்காலத்துத் திருச்சபை இதைப் பாடக் கூடாதென்று தடை போட்டது என்பதும், இந்தப் பாட்டைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் தவறாமல் சொல்லுகிற கதை. பெயர் உண்மை, ஆனால் அந்தப் பெயர் தெளிவாகக் காணப்படுவதே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து இசை நூல்களில்தான். தடை உத்தரவு என்று ஒன்றை எவரும் எடுத்துக் காட்டியதில்லை. பாடுவதற்குச் சிரமமான இடைவெளி, கோஷ்டியாகப் பாடும்போது சுருதி விலகும், ஆகையால் தவிர்க்க வேண்டும் என்ற வாத்தியார்களின் எச்சரிக்கையே காலப்போக்கில் சைத்தானாக வளர்ந்திருக்கிறது. மேலும் அயோமி இதை எந்தச் சாஸ்திரத்திலிருந்தும் எடுக்கவில்லை. குழுவின் பேஸ் கிட்டார்காரரான கீஸர் பட்லருக்கு ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்டவ் ஹோல்ஸ்ட் கிரகங்களைப் பற்றி இயற்றிய வாத்திய கோஷ்டி இசையில் செவ்வாய்க் கிரகத்துக்கு உரிய பகுதியின் மேல் அபார மோகம். அதை அவர் பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, மறுநாள் அயோமி வந்து இந்த ரிஃபை வாசித்துக் காட்டினார் என்பது பட்லர் சொல்லுகிற வரலாறு. எனக்கு அது முற்றிலும் நம்பத் தகுந்ததாகத் தோன்றுகிறது.

பாட்டின் விஷயமும் பலர் நினைப்பது போலச் சைத்தான் ஸ்தோத்திரம் அல்ல. கறுப்பு உருவம் ஒன்று எதிரே வந்து நிற்கிறது, கை நீட்டிச் சுட்டுகிறது, பார்த்தவன் வெலவெலத்துத் தெய்வத்தைக் கூப்பிட்டு அலறுகிறான், அவ்வளவுதான். அயர்லாந்து வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் பாதிரியாராக வேண்டும் என்றுகூட ஆசைப்பட்ட பட்லர், வாலிபத்தில் மாந்திரீக நூல்களைப் படிக்கத் தொடங்கி, தம் அறைச் சுவர்களுக்குக் கறுப்பு வர்ணம் பூசி, ஓர் இரவு கண் விழித்தபோது கட்டிலின் கால்மாட்டில் கறுப்பாக ஏதோ நிற்கக் கண்டு, அத்துடன் அந்த விவகாரத்துக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டார். அந்தப் பயத்தைத்தான் பாட்டாக்கினார்கள். ஆஸியின் குரலை ஊன்றிக் கேட்டால் இது புரியும்: மிரட்டுகிறவனின் கனத்த குரல் அல்ல அது, மிரண்டவனின் மெலிந்த, மூக்கடைத்த, சற்றே கீச்சென்ற குரல். பின்னாளில் இந்த வகைச் சங்கீதத்துக்கு ஹெவி மெட்டல் என்று நாமகரணம் ஆகி, பாடுகிறவர்கள் எல்லோரும் தாங்களே பேயாக மாறி உறுமத் தொடங்கிவிட்டார்கள். முதல் பாட்டில் பேய் பாடவில்லை; பேயைப் பார்த்தவன் பாடுகிறான். என் அபிப்பிராயத்தில் இந்த ஆல்பத்தின் உயிர் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

குழுவின் பெயர் வந்த கதையும் இதோடு சேர்ந்ததே. 1963இல் இத்தாலிய டைரக்டர் மாரியோ பாவா எடுத்த, போரிஸ் கார்லாஃப் நடித்த பயங்கரப் படம் ஒன்று ஆங்கிலத்தில் 'பிளாக் சபாத்' என்ற பெயரில் வெளிவந்தது. இவர்கள் ஒத்திகை பார்த்த இடத்துக்கு எதிர்த் தியேட்டரில் அந்தப் படத்துக்கு ஜனங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்து, பயப்படுவதற்காகக் காசு கொடுக்கிறார்களே, நாம் அதைச் சங்கீதத்தில் கொடுத்தால் என்ன என்று தோன்றியதாம். வியாபார யுக்திதான், சந்தேகமில்லை. எர்த் என்ற பழைய பெயரில் வேறொரு குழு இருந்ததால் ஏற்கெனவே குழப்பம் நேர்ந்துகொண்டிருந்தது. பெயரை மாற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நால்வருமே பர்மிங்ஹாம்காரர்கள், ஆஸ்டன் என்ற தொழிலாளர் பேட்டையும் அதன் சுற்றுப்புறமும் அவர்கள் வளர்ந்த இடம். யுத்தத்தில் ஜெர்மன் குண்டுகள் விழுந்து இடிந்த கட்டடங்கள் அவர்கள் பால்யத்தில்கூடச் சரிவரச் செப்பனிடப்படாமல் கிடந்தன. ஆஸி மாட்டுத் தொட்டியில் வேலை பார்த்தவர். கார் ஹாரன்களைச் சோதித்துச் சுருதி சேர்க்கிற வேலையும் பார்த்தவர். திருடி அகப்பட்டு வின்சன் கிரீன் சிறையில் சில வாரங்கள் இருந்தவர். பட்லர் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. டிரம்ஸ் வாசித்த பில் வார்டுக்கு ஜீன் குரூபா, பட்டி ரிச் முதலான ஜாஸ் மேதைகளிடம் பக்தி. ஆஸ்டனின் சம்மட்டிச் சத்தமே இவர்கள் சங்கீதமாக மாறியது என்று எழுதுவது விமரிசகர்களுக்கு வாடிக்கை. பேட்டை ஓசை காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனால் அதே பேட்டையில் அதே சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஆயிரக்கணக்கான பேர் இந்த ரிஃபை வாசித்துவிடவில்லையே. ஆலை இவர்களுக்குக் கொடுத்தது வேறொன்று. அதை அயோமியின் வலது கையில் பார்க்க வேண்டும்.

அயோமிக்கு அப்போது 17 வயது. தகட்டு வேலைத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தார். ஜெர்மனிக்குக் கச்சேரி செய்யப் போகும் ஒரு குழுவில் இடம் கிடைத்து, வேலையை விட்டு விலகுவதாகச் சொல்லியாகிவிட்டது. அன்றுதான் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிமேல் போகப் போவதில்லை என்று சொல்ல, எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாயார் திருப்பி அனுப்பினார். பிரஸ் இயந்திரத்தில் வழக்கமாக வேலை செய்யும் ஆள் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அந்த இயந்திரத்தில் இவரை நிறுத்தினார்கள். அது கை மேல் இறங்கியது. பதறிப் போய் இழுத்துக்கொண்டதில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் பிய்ந்துவிட்டன. அவர் இடது கைக்காரர். ஆகையால் வலது கை விரல்கள்தான் கிட்டாரின் கழுத்தில் தந்திகளை அழுத்த வேண்டிய விரல்கள்.

இனி வாசிக்க முடியாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்ட நிலையில், அந்த ஆலையின் மேஸ்திரி ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து, கேட்க மனமில்லை என்று சொன்ன பையனை வற்புறுத்திக் கேட்கச் செய்தார். ஜாங்கோ ராயின்ஹார்ட் என்ற நாடோடி இனத்து ஜாஸ் கலைஞரின் கிட்டார் அது. கேட்டு முடித்த பிறகு, அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் தீ விபத்தில் செயலற்றுப்போன கதையை மேஸ்திரி சொன்னார். ராக் சரித்திரம் எழுதுகிறவர்கள் யார் யாருக்கோ நன்றி சொல்கிறார்கள். இந்த மேஸ்திரிக்கு யாராவது ஒரு வரி கூடுதலாக எழுதினால் தேவலை.

அயோமி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, பற்றவைப்புக் கோலைச் சூடாக்கி அதில் விரல் நுழையுமளவு துளை செய்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வடிவத்துக்குக் கொண்டுவந்து, தந்தி வழுக்காமலிருக்கப் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டை அதன் மேல் ஒட்டிக்கொண்டார். இப்படித் தாமே செய்த உறைகளை மாட்டிக்கொண்டு வாசிக்கும்போது தந்தி விரலில் படுவதே தெரியாது; எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால் மட்டுமே அறிய வேண்டும். கனமான தந்திகளை வளைக்க முடியவில்லை. மெல்லிய தந்தி வேண்டும் என்றால் அந்நாளில் கடையில் கிடையாது. ஆகவே பாஞ்சோ வாத்தியத்தின் தந்திகளை வாங்கிக் கிட்டாரில் போட்டார். நாலைந்து ஸ்வரங்களை ஒரே பிடியில் பிடிக்கும் விரிவான கார்டுகள் சிரமமாகிவிட்டபடியால், ஷட்ஜ பஞ்சமம் என்று இரண்டே ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிடிகளை அதிகம் நம்பினார். ஆம்ப்ளிஃபயரை நன்றாக முடுக்கிவிட்டு இந்த இரண்டு ஸ்வரங்களை வாசித்தால், நாலு ஸ்வரம் சேர்த்துப் பிடிப்பதைவிடக் கம்பீரமாகக் கேட்கும் என்பது வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காந்தாரம் கலக்காததால் சோகமா சந்தோஷமா என்று சொல்ல முடியாத ஒரு கருங்கல் தன்மையும் வந்துவிடும்.

விரல் வலிக்காமல் இருக்கத் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கியதால்தான் இந்த ஆல்பத்துக்கு இவ்வளவு கனம் வந்தது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது தவறு. சுருதியை ஒன்றரைச் சுரம் இறக்கிய கதை 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தைச் சேர்ந்தது. முதல் ஆல்பம் எல்லோரும் வைத்துக்கொள்ளும் சாதாரணச் சுருதியில்தான் இருக்கிறது. கனம் எங்கிருந்து வருகிறது என்றால், பாதிக்கு மேல் பட்லரிடமிருந்து என்பேன். அவர் முன்பு கிட்டார் வாசித்தவர். பேஸுக்கு வந்த பிறகும், தாளத்துக்குக் கீழே அடக்கமாக நடந்து போகிற பேஸ் சம்பிரதாயத்தை மதிக்காமல், அயோமியின் ரிஃபையே ஒரு ஸ்தாயி கீழே அப்படியே வாசிப்பார், தந்தியை வளைத்து இழுக்கக்கூடச் செய்வார். இரண்டு வாத்தியமும் ஒன்றாக இறங்கும்போது அது கிட்டார் என்றும் பேஸ் என்றும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

1968இன் இறுதியில் ஒரு சம்பவம். ஜெத்ரோ டல் என்ற குழு அயோமியை அழைத்துக்கொண்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் எடுத்த தொலைக்காட்சிப் படம் ஒன்றில் அவர்களோடு நிற்கிற அயோமியை இன்றும் பார்க்கலாம். கொஞ்ச நாளிலேயே மனம் ஒட்டாமல் பழைய தோழர்களிடம் திரும்பிவிட்டார்; ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. அங்கே காலையில் 9 மணிக்கெல்லாம் ஒத்திகைக்கு வந்துவிட வேண்டும் என்ற நியமம் இருந்ததைப் பார்த்து, இங்கும் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தினார். இரவில் விழித்துப் பகலில் உறங்குகிற இருபது வயதுப் பையன்களைக் காலை 9 மணிக்குக் கூட்டிவைப்பது சைத்தானை வரவழைப்பதைவிடக் கஷ்டமான காரியம். பிறகு ஹாம்பர்க் நகரத்து ஸ்டார் கிளப்பிலும் பிற இடங்களிலும், ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரக் கச்சேரிகளாகப் பல தடவை மேடை ஏற வேண்டியிருந்தது. கைவசம் இருந்த பாட்டுகள் போதாமல், இருந்ததையே நீட்டி நீட்டி வாசித்தார்கள். அந்தப் பழக்கத்தின் நன்மையும் தீமையும் இந்த ஆல்பத்தில் பக்கத்துக்கு ஒன்றாகப் பதிந்திருக்கின்றன.

பதிவு நடந்தது 1969 அக்டோபர் 16ஆம் தேதி, லண்டன் ரீஜண்ட் சவுண்ட் ஸ்டூடியோவில். தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின். ஒலிப்பதிவு டாம் ஆலம். செலவு சுமார் 600 பவுன் என்பார்கள். நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட ஒலிநாடா. ஆகையால் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து பிற்பாடு சாவகாசமாகச் சீர் செய்யும் வசதி இல்லை. ஆஸியைத் தனியாக ஒரு தடுப்பறைக்குள் நிறுத்திவிட்டு, மேடையில் எப்படியோ அப்படியே நால்வரும் ஒருங்கே வாசித்தார்கள். பெரும்பாலான பாட்டுகளுக்கு இரண்டாவது முறையே கிடையாது. லெட் ஸெப்பலின் தன் முதல் ஆல்பத்துக்கு, ஸ்டூடியோவே வீடாக வாழ்ந்த ஜிம்மி பேஜின் தலைமையில், 36 மணி நேரம் எடுத்துக்கொண்டது. இவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 12 மணி நேரம். அதுவே ஏராளம் என்று இவர்களுக்குப் பட்டதாம். மறுநாள் ஸ்விட்சர்லாந்தில் கச்சேரிக்குப் புறப்பட வேண்டும். கூலி 20 பவுன். ஆரம்பத்து மழையும் இடியும் மணியும் இவர்கள் வாசித்து முடித்த பிறகு ஒலிக்கலவையில் சேர்க்கப்பட்டவை.

அன்றைக்கு நடந்த ஒரு விபத்து எனக்குப் பிடித்தமானது. அயோமி கொண்டுவந்திருந்த முக்கிய வாத்தியம் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார். 'விக்கெட் வேர்ல்ட்' என்ற பாட்டைப் பதிந்து முடித்ததுமே அதன் பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கித் தரும் காந்தச் சுருள், பழுதாகிவிட்டது. திருத்த நேரமில்லை, உதவிக்கு இருக்கட்டும் என்று வைத்திருந்த கிப்ஸன் எஸ்.ஜி. கிட்டாரை எடுத்து மீதி எல்லாவற்றையும் வாசித்தார். ஸ்ட்ராடோகாஸ்டரின் ஒலி மெல்லியது, கண்ணாடி போன்றது, எஸ்.ஜி.யின் ஒலி தடித்தது, கரகரப்பானது. அன்றிலிருந்து அவர் கையை விட்டு அந்த ரக கிட்டார் இறங்கவில்லை. 'விக்கெட் வேர்ல்ட்' பாட்டையும் மற்றவற்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், ஒரே நாளில் ஒரே அறையில் ஒரே மனிதர் வாசித்த இரண்டு கிட்டார்களின் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

முதல் பாட்டின் நடுவே பில் வார்ட் என்ன செய்கிறார் என்பதைத் தனியே கவனிக்கும்படி வேண்டுகிறேன். கிட்டார் அந்த மூன்று ஸ்வரங்களை வாசித்துவிட்டுக் காத்திருக்கிற இடைவெளியில், மற்ற ராக் டிரம்மர்களாக இருந்தால் தாளத்தைத் தட்டிக்கொண்டு சும்மா இருந்திருப்பார்கள். வார்டோ ஜாஸ் பழக்கத்தில் அந்த வெற்றிடத்துக்குள் புகுந்து, பெரிய முரசுகளில் உருட்டல்களை ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வைக்கிறார். ஐந்தாவது நிமிஷத்தை நெருங்கும்போது காலப்பிரமாணம் திடீரென்று துரிதமாகி, குதிரைப் பாய்ச்சலில் ஒரு முத்தாய்ப்புக்கு ஓடுகிறது. உருவத்தைக் கண்டவன் ஓட ஆரம்பித்துவிட்டான் என்று எனக்குத் தோன்றும்.

முதல் பக்கத்தில் மீதி மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. 'தி விஸார்ட்' ஆஸியின் ஹார்மோனிகாவோடு தொடங்குகிறது. டோல்கீனின் கதையில் வரும் மந்திரவாதி காண்டால்ஃபை மனத்தில் வைத்துப் பட்லர் எழுதியது. சைத்தான் பக்தர்கள் என்று தூற்றப்பட்டவர்களின் இரண்டாவது பாட்டே ஒரு நல்ல மந்திரவாதி தெருவோடு நடந்து போய் ஜனங்களைச் சந்தோஷப்படுத்துவதைப் பற்றியது. 'பிஹைண்ட் தி வால் ஆஃப் ஸ்லீப்' என்ற பாட்டின் தலைப்பு லவ்கிராஃப்டின் சிறுகதைத் தலைப்பிலிருந்து பிறந்தது. 'என்.ஐ.பி.' பாட்டில் சைத்தான் ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்துத் திருந்திவிடுகிறான். அமெரிக்க ரசிகர்கள் அந்த மூன்றெழுத்துக்குக் கோரமான விரிவுகளைக் கண்டுபிடித்தார்கள். உண்மையில் அது பில் வார்டின் குறுந்தாடி பேனா நிப் மாதிரி இருக்கிறது என்று செய்த பரிகாசம்.

இரண்டாவது பக்கம் வேறு விஷயம். 'ஈவில் வுமன்' அமெரிக்காவின் க்ரோ என்ற குழு பாடிய பாட்டு; மேலிருந்து வந்த வற்புறுத்தலுக்காக, வேண்டாவெறுப்பாகப் பாடியது என்பது கேட்கும்போதே தெரிகிறது. அது தனித்தட்டாக வந்து விலை போகவும் இல்லை. 'ஸ்லீப்பிங் வில்லேஜ்' தொடக்கத்தில் பின்னணியில் கேட்கிற ரீங்காரத்தை நம் ஊர்க்காரர் யாரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்: மோர்சிங். வாசித்தவர் தயாரிப்பாளர் பெயின். கச்சேரியில் மிருதங்கத்துக்குத் துணை போகிற அந்தச் சிறு இரும்பு வாத்தியத்தின் ஐரோப்பியச் சகோதரம், இங்கிலாந்தின் பயங்கர ஆல்பத்தில் இருட்டுக் கிராமத்தை வர்ணிக்க உதவுகிறது. கடைசிப் பாட்டான 'வார்னிங்' ஏன்ஸ்லி டன்பர் குழுவின் பாட்டு. பத்தரை நிமிஷத்தில் பாட்டு கொஞ்சம், கிட்டார் ஆலாபனை அதிகம். ஹாம்பர்க்கில் நேரத்தை நிரப்புவதற்காக நீட்டிப் பழகியது இதுதான். சில இடங்களில் அயோமி பிரமாதமாக வாசிக்கிறார். சில இடங்களில் அடுத்தது எங்கே போவது என்று தெரியாமல் சுற்றி வருகிறார். இந்த ஆல்பத்தில் இரண்டு குழுக்கள் வாசிக்கின்றன என்று எனக்கு எப்போதும் தோன்றும்: எர்த் என்ற பழைய பெயரில் மதுக்கடைகளில் புளூஸ் வாசித்து வந்த சாதாரணக் குழு ஒன்று, தாங்கள் கண்டுபிடித்தது இன்னதென்று தங்களுக்கே முழுதும் விளங்காத புதிய குழு மற்றொன்று. அவகாசம் அதிகம் இருந்திருந்தால் பழையதை விலக்கிவிட்டுப் புதியதை மட்டும் மெருகேற்றி வைத்திருப்பார்கள். ஒரு நாள்தான் என்றபடியால் இரண்டும் அகப்பட்டுக்கொண்டன.

அட்டைப் படத்தைச் சொல்லாமல் விட முடியாது. தேம்ஸ் நதிக்கரையில், ஆக்ஸ்போர்டுஷயரில் மேபிள்டர்ஹம் என்ற கிராமத்தில் இருக்கிற பழைய தண்ணீர் மாவு ஆலையின் முன்னே, கறுப்பு அங்கி அணிந்த ஒரு பெண் நிற்கிறாள். செடிகொடிகள் சிவப்பும் இளஞ்சிவப்புமாக வாடி வெந்தது போலக் காணப்படுகின்றன. எடுத்தவர் கீத் மக்மில்லன். உபயோகித்தது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பதிகிற ஃபிலிம். உயிருள்ள இலைகள் அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகப் பிரதிபலிக்கின்றன. அந்த ஃபிலிம் அதைச் சிவப்பாகக் காட்டுகிறது. ஆகவே செத்தது போலத் தோன்றுகிற அந்தச் செடிகள்தாம் உண்மையில் செழிப்பாக இருப்பவை. அட்டையை விரித்தால் உள்ளே தலைகீழ்ச் சிலுவை. அதைப் போட்டது கம்பெனி, இவர்களைக் கேட்கவில்லை. அதைப் பார்த்து நிஜமான மாந்திரீகப் பேர்வழிகள் இவர்களைத் தேடி வரத் தொடங்க, பயந்துபோன இந்த நால்வரும் தற்காப்புக்காக நேர்ச் சிலுவைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஆஸியின் தகப்பனார் ஜெனரல் எலக்ட்ரிக் தொழிற்சாலையில் கருவிகள் செய்கிற தொழிலாளி; அந்தச் சிலுவைகளைத் தம் கையாலேயே செய்து கொடுத்தவர் அவர்தான். படங்களில் அவற்றைப் பார்த்துவிட்டு, ஏதோ ரகசியச் சடங்கின் சின்னம் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்!

ஆல்பம் 1970 பிப்ரவரி 13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, வெர்டிகோ கம்பெனியால் வெளியிடப்பட்டது. வெள்ளிக்கிழமையும் 13ஆம் தேதியும் சேர்வது மேல்நாட்டாருக்கு அபசகுனம் என்பதால் வேண்டுமென்றே பார்த்துவைத்த முகூர்த்தம். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடம் வரை சென்றது. ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட, அங்கே 23ஆம் இடம் பிடித்து, ஒரு வருஷத்துக்கு மேல் பட்டியலை விட்டு இறங்கவில்லை. விமரிசகர்கள் மட்டும் சகிக்கவில்லை. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் லெஸ்டர் பாங்ஸ், க்ரீம் குழுவின் மட்டமான நகல் என்ற பாவனையில் எழுதித் தள்ளினார். ராபர்ட் கிறிஸ்ட்கௌவும் கரித்துக் கொட்டினார். இரண்டாவது பக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பாங்ஸ் சொன்னதில் அநியாயம் ஒன்றுமில்லை. கிட்டார் ஆலாபனையில் க்ரீமின் வாடை அடிக்கத்தான் செய்கிறது. முதல் ஆறு நிமிஷத்தைக் கேட்டுவிட்டும் அப்படி எழுதினாரே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கப் பதிப்பில் 'ஈவில் வுமன்' பாட்டை நீக்கிவிட்டு 'விக்கெட் வேர்ல்ட்' பாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். என் ஓட்டு அந்தப் பதிப்புக்குத்தான். முதல் பக்கத்தை ஒரே மூச்சில் கேளுங்கள், ஹெட்ஃபோன் இருந்தால் உத்தமம். வீட்டில் பெரியவர்கள் இருந்து மாடியில் துணி காய்ந்தால் மிக மிக உத்தமம். இரண்டாவது பக்கத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். 'வார்னிங்' பாட்டை ஆறாவது நிமிஷத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆஸி பாடுகிற ஆரம்பப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பயம் இல்லாமல், வெறும் மனக்கசப்போடு, ஒரு சாதாரணக் காதல் தோல்விப் பாட்டை அவர் எவ்வளவு நன்றாகப் பாடக்கூடியவர் என்பது அங்கேதான் இருக்கிறது.